புதுச்சேரியின் பெயர் சுமக்கும் பறவைகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் புதுச்சேரியில் பறவை பார்ப்பவர்கள் ஊசுட்டேரிக்குத்தான் வண்டியை விடுவார்கள். நகரிலிருந்து மேற்கே சுமார் 10 கிலோமீட்டர். ஏறத்தாழ 800 ஹெக்டேர் பரப்பு, அதில் ஒரு பாதி புதுச்சேரிக்கு, மறுபாதி தமிழ்நாட்டுக்கு. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, கூழைக்கடா என்று அங்கே கண்ணுக்குக் குறைவே இல்லை. ஆனால் இந்த முறை நான் எதிர்த்திசையில், தேங்காய்த்திட்டுக் கழிமுகத்துக்குப் போனேன். தேடிப்போனது பெரிய மணல் உப்புக்கொத்தியை.

அந்தப் பறவைக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. லெஷனோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் 1816இல் புதுச்சேரிக்கு வந்து, 1822 வரை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சுற்றிச் செடிகளோடு உயிரினங்களையும் சேகரித்தார். 1826இல் லெஸ்ஸோன் என்பவர் புதுச்சேரி மாதிரியைக் கொண்டு இந்த உப்புக்கொத்தியை விவரித்து, லெஷனோவின் பெயரையே அதற்கு வைத்தார். துருக்கி தொடங்கி மங்கோலியா வரையுள்ள வறண்ட நிலங்களில் முட்டையிட்டுவிட்டுக் குளிர்காலத்துக்குக் கடற்கரை தேடி வரும் பறவை. அறிவியல் ஏட்டில் அது ஏறியது நம் கரையிலிருந்து.

கழிமுகத்தில் வலை வீசும் ஒருவரிடம் முந்தைய நாளே கேட்டுவைத்திருந்தேன்.

"தண்ணி ஏறி நிக்கிறப்ப வந்து ஒண்ணும் ஆகாது தம்பி. சேறு தெரிஞ்சாத்தான் அதுங்க இறங்கும்."

"நாளைக்கு எப்பண்ணே வடியும்?"

"எட்டு மணிக்கு மேல வாங்க. அந்த மேட்டுப் பக்கம் நின்னு பாருங்க, கிட்ட போயிடாதீங்க."

நீர் வடியும் நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இதைக் கணக்கிடாமல் கழிமுகத்துக்குப் போகிறவர்கள் கொக்கையும் மீன்கொத்தியையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

அவர் சொன்னபடியே சேறு தலைகாட்டியதும் கூட்டம் இறங்கியது. பெரும்பாலும் சிறிய வகை உப்புக்கொத்திகள். சிறியதையும் பெரியதையும் பிரித்தறிவதில்தான் முழு வேலையும் இருக்கிறது. குளிர்காலத்தில் இரண்டுக்கும் ஒரே மண்நிற முதுகு, ஒரே வெள்ளை வயிறு. அலகைப் பார்க்க வேண்டும். பெரியதற்கு அது தடித்து நீண்டிருக்கும். அலகின் நீளம் அலகடியிலிருந்து கண்ணின் பின்முனை வரையுள்ள தூரத்தை மிஞ்சும். கால்களும் சற்று நெடியவை, வெளிர்மஞ்சளோ பசுமையோ கலந்தவை. நடையிலும் வித்தியாசம் உண்டு. சின்னது பரபரவென்று ஓடிக் கொத்தும். பெரியது ஓடி, நின்று, நெடுநேரம் சேற்றையே பார்த்துவிட்டு அடுத்த ஓட்டத்தைத் தொடங்கும். கூட்டத்தின் ஓரத்தில் இரண்டு பறவைகள் அப்படி நின்றன. தொலைநோக்கியை இறக்கவே மனம் வரவில்லை.

அங்கிருந்து வடக்கே காலாப்பட்டுக்குப் போனேன். பல்கலைக்கழகத்தையொட்டிய முந்திரிப் புதர்களில் கௌதாரியைத் தேடி. கௌதாரியா அரிய பறவை என்று கேட்கலாம். உலகக் கணக்கில் அல்ல. ஆனால் க்மெலின் என்ற இயற்கையியலாளர் 1789இல் கௌதாரிக்கும் காட்டுக் கீச்சானுக்கும் இலத்தீன் பெயர் வைத்தபோது இரண்டிலும் புதுச்சேரியின் பெயரையே சேர்த்தார். அவருக்கு ஏழு ஆண்டு முன்பு, 1782இல், சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் தன் இந்தியப் பயண நூலை வெளியிட்டு இப்பகுதிப் பறவைகளை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியிருந்தார். புதுச்சேரியின் பெயரைச் சுமக்கும் பறவை புதுச்சேரியில் மனைப்பிரிவுகளுக்கு நடுவே ஒண்டி வாழ்வதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அன்று குரல்தான் முதலில் கேட்டது. பிறகு ஒரு ஜோடி பாதையைக் கடந்து புதருக்குள் நுழைந்தது. காட்டுக் கீச்சான் கண்ணில் படவில்லை.

இதே காலத்தில் பெயர் பெற்ற இன்னொரு பறவையை நினைத்தால் அச்சமாகவே இருக்கிறது. மஞ்சள்முகப் பாறுவின் இந்திய இனத்துக்கு நம் செஞ்சியின் பெயர் இருக்கிறது. திருக்கழுக்குன்றத்தில் அர்ச்சகர் கையால் சோறு வாங்கித் தின்றவை அவைதான். இன்று அந்தக் குன்றில் அவை இல்லை. அப்பறவை உலக அளவிலும் அழியும் ஆபத்திலுள்ள இனமாகிவிட்டது. எல்லோரும் நாள்தோறும் பார்த்த பறவை அது. அதனால்தான் கௌதாரியையும் குறிப்பேட்டில் எழுதுங்கள் என்று நண்பர்களிடம் வற்புறுத்துகிறேன்.

புதிதாகப் பார்க்க வருபவர்களுக்குச் சில இடங்கள்: ஆறுமணிக் குருவிக்கு அக்டோபரில் மரமடர்ந்த தோட்டங்கள், இலை உதிர்ந்து கிடக்கும் நிழல். பூநாரைக்கும் கரைப்பறவைகளுக்கும் மரக்காணம் வழியில் கழுவெளி. 2021இல் சரணாலயமாகி, 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஊசுட்டேரிக்கு விடியலில், வெயில் முதுகுப் பக்கம் விழும்படி கிழக்குக் கரையில் நில்லுங்கள்.

2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு அடுத்த மாதம் வருகிறது. ஏரிக்கு ஆள் கிடைப்பார்கள். நான் கழிமுகத்தை எடுத்துக்கொள்கிறேன். காலாப்பட்டுப் புதர்களுக்குத்தான் இன்னும் யாரும் பெயர் கொடுக்கவில்லை.