கோச்சை மாத்தணும்

பெரியமேட்டு நேரு ஸ்டேடியத்தில் ஆட்டம் முடிந்து சென்ட்ரல் பக்கம் நடந்து போகிற நீல ஜெர்சிக் கூட்டத்துக்குள் ஒருமுறை புகுந்து பாருங்கள். தோற்ற இரவென்றால் முதலில் காதில் விழுவது, "கோச்சை மாத்தணும் மச்சி." நாலடி தள்ளி நடக்கிறவர் விடமாட்டார். "கோச் என்னப்பா பண்ணுவாரு? கோல் போஸ்ட் முன்னால நிக்கிறவன் அடிக்கணும்ல?" பின்னாலிருந்து வயதில் மூத்த குரல் ஒன்று: "அது ரெண்டும் கிடக்கட்டும் தம்பி. காசு செலவு பண்ணி ஆள் எடுத்தாங்களா, அதைக் கேளு."

இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.) ஆடும் கால்பந்து கிளப்பான சென்னையின் எஃப்.சி. பிறந்த 2014-லிருந்து இந்தக் குரல்கள் ஓயவில்லை. புதிதாக வந்தவர் கேட்டால் தோல்வியின் எரிச்சல் என்று நினைப்பார். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. வீட்டு மனுஷரைப் பற்றிப் பேசுவதுபோல ஓர் அணியைப் பற்றி இவ்வளவு உரிமையோடு கோபப்படுகிறவர்கள் வாய்ப்பது எந்த கிளப்புக்கும் பெரும் பாக்கியம். அதிலும் இந்த கிளப்பின் கதை, யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல மறுத்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு சீசனைச் சாட்சியாகக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது.

"கோச்சை மாற்றாதே" என்பவர்களின் சாட்சி 2015. இத்தாலிக்காக 2006 உலகக் கோப்பை வென்ற மார்கோ மெட்டராசிதான் முதல் இரண்டு சீசன்களின் நாயகர். முதல் வருடம் அவரே ஆடினார், அவரே பயிற்சியும் கொடுத்தார். அந்த வருடம் எலானோ 8 கோல் அடித்து லீக்கிலேயே முதலிடம். அரையிறுதியில் கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் 0-3 என்று தோற்றுவிட்டு வந்து, சென்னையில் தொண்ணூறு நிமிடத்துக்குள் அந்த மூன்றையும் திருப்பி அடித்தார்கள். கூடுதல் நேரம் முடியப்போகிற தறுவாயில் கேரளாவின் ஸ்டீபன் பியர்சன் ஒரு கோல் போட்டு எல்லாவற்றையும் முடித்துவைத்தார். அன்று கேலரியில் இருந்தவர்களிடம் பியர்சன் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். பத்து வருடம் கழித்தும் பேச்சு ஒரு நொடி நின்றுதான் தொடரும்.

அடுத்த வருடம் சீசனின் பின்பாதியில் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. மெட்டராசியை அனுப்பிவிடலாம் என்று பேசாத ஆள் இல்லை. கிளப் அனுப்பவில்லை. கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்து அரையிறுதிக்குள் நுழைந்தார்கள். அதற்குள் சென்னையை டிசம்பர் வெள்ளம் விழுங்கியிருந்தது. நேரு ஸ்டேடியத்தில் நடக்கவேண்டிய அரையிறுதி புனேவின் பாலேவாடிக்குப் போனது. சொந்த மைதானத்தின் ஆட்டம், சொந்த ஜனம் இல்லாமல். இங்கே வீட்டுக்குள் ஏறிய சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தவர்கள் போனில் ஸ்கோர் கேட்டார்கள்: கொல்கத்தாவுக்கு எதிராக 3-0. டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபத்தோர்டாவில் இறுதிப் போட்டி. 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்தியது. தொண்ணூறாவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் கை பட்டுப் பந்து அவர் வலைக்குள்ளேயே விழுந்தது. அடுத்த இரண்டாவது நிமிடம் ஸ்டிவன் மெண்டோசா அடித்தார். 3-2, கோப்பை. ஊர் எழுந்து நிற்கவே தடுமாறிய அந்த மாதத்தில் அந்தக் கோப்பை எங்களுக்கு என்னவாக இருந்தது என்பதை விளையாட்டுக் கணக்கில் மட்டும் எழுத முடியாது.

ஆக, பொறுமைதான் வழி என்று ஒரு தரப்பு அடித்துச் சொல்லிற்று. அடுத்த வருடமே ஏழாவது இடம். மெட்டராசி போய்விட்டார்.

பிறகு ஜான் கிரெகரி வந்தார். ஆஸ்டன் வில்லாவை நடத்திய ஆங்கிலேயர். 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம். லீக்கில் முதலிடம் பிடித்த பெங்களூரு அணி, அவர்கள் மண், அவர்கள் கூட்டம். ஒன்பதாவது நிமிடமே அவர்களுடைய சேத்ரி கோல். கார்னரில் வந்த பந்துகளை இரண்டு முறை மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி உள்ளே தள்ளினார், மூன்றாவதை ரஃபேல் அகஸ்டோ அடித்தார். மறுபடியும் 3-2. மறுபடியும் எதிராளியின் ஊரில்.

அதே கிரெகரி, பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்கள். அடுத்த சீசனில் 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். இந்தச் சீசனைப் பற்றித்தான் எங்களுக்குள் பேச்சு முடியவே முடியாது. கேப்டன் செரெனோ போனதுதான் காரணம் என்பார் ஒருவர். நடுக்களத்தில் தன்பால் கணேஷ் முழங்காலில் அடிபட்டு வெளியே இருந்ததுதான் என்பார் இன்னொருவர். முந்தைய சீசனில் 9 கோல் அடித்த ஸ்டிரைக்கர் ஜெஜே வலைக்கான வழியையே மறந்தவர்போல ஆடினாரே என்பார் மூன்றாமவர். எல்லாமே உண்மை. எல்லாவற்றையும் கூட்டினாலும் சாம்பியன் கடைசி இடத்துக்குப் போனதற்கு விடை கிடைக்காது.

"மாத்தணும்" தரப்பின் சாட்சி அதற்கடுத்த வருடம் வந்தது. 2019-20 சீசனின் முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. நவம்பர் கடைசியில் கிரெகரி விலகினார். டிசம்பரில் ஓவன் காயில் வந்தார். கையில் இருந்தவர்களை வைத்தே, மேலே ஏறி நெருக்கி, பந்தைப் பறித்த வேகத்தில் அடிக்கிற ஆட்டத்தை அவர் ஆடவைத்தார். ஸ்டிரைக்கர் வால்ஸ்கிஸ் 15 கோல், லீக்கின் முதலிடம். கொச்சிக்குப் போய் கேரளாவை 6-3 என்று அடித்த இரவில், கேரள நண்பர்களுக்குப் போன் போட்டவர்கள் யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள். கோவாவை அரையிறுதியில் 4-1, பிறகு 2-4, மொத்தம் 6-5 என்று தாண்டி இறுதிக்குப் போனார்கள். கொரோனா வந்துவிட்டது. 2020 மார்ச் 14 அன்று காலி ஸ்டேடியத்தில் கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 1-3. தோல்விதான் என்றாலும், கோச் ஒருவரால் எவ்வளவு முடியும் என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டாம்.

அத்தோடு காயில் ஜாம்ஷெட்பூருக்குப் போனார், வால்ஸ்கிஸும் போனார். 2022-ல் ஜாம்ஷெட்பூர் அவர் கையில் லீக் ஷீல்டை வென்றது. இங்கே சாபா லாஸ்லோ வந்தார், 20 ஆட்டங்களில் 11 டிரா, எட்டாம் இடம். பாண்டோவிச் வந்தார், எட்டாம் இடம். பிர்டாரிச் வந்தார், எட்டாம் இடம். வால்ஸ்கிஸ் 2022 ஜனவரியில் திரும்பி வந்தார், பழைய கோல்கள் அவரோடு வரவில்லை. 2023-ல் காயிலே திரும்பி வந்தார். ஆறாம் இடம் பிடித்து பிளே-ஆஃப் வரை போனதில் எங்களுக்கு நம்பிக்கை துளிர்த்தது. அடுத்த சீசனில் பதினோராம் இடம்.

திரும்பி வந்தவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்தும். ஆளைத் திரும்பக் கூட்டி வரலாம். அந்த அணி கூடியிருந்த காலத்தைக் கூட்டி வர முடியாது. இரண்டு இறுதிப் போட்டிகளின் கோல்களை எடுத்துப் பாருங்கள். 2015-ல் கோவாவில் அடித்த புரூனோ பெலிசாரியும் மெண்டோசாவும் 2014-லேயே இங்கே இருந்தவர்கள். பியர்சன் அடித்த வலியை அனுபவித்தவர்கள். 2018-ல் பெங்களூருவில் அடித்த மெயில்சனும் அகஸ்டோவும் 2015 கோப்பை அணியில் இருந்தவர்கள். கோப்பையைத் தந்த கால்கள் எல்லாம் இந்த ஊரில் கொஞ்சம் தங்கிய கால்கள். தங்கினால் மட்டும் போதாது என்று 2018-19 காட்டிவிட்டது, அதை மறுக்க மாட்டேன். புதியவர்களை வைத்தே 2020-ல் இறுதிவரை போனோம், அதையும் மறுக்க மாட்டேன். ஆனாலும் ஒவ்வொரு ஜூன் மாதமும் யார் போகிறார், யார் வருகிறார் என்ற பட்டியலைப் பார்க்கும்போது, வருகிறவரின் பழைய கிளப்பையும் கோல் கணக்கையும் விட, போகாமல் நிற்பவர் யார் என்றுதான் நான் முதலில் தேடுகிறேன்.

லாலியன்சுவாலா சாங்தே விஷயம் இன்னும் ஆறவில்லை. காயிலின் கீழ் 7 கோல் அடித்த இளைஞர். அடுத்த சீசனில் வாய்ப்புகள் வீணாகவீணாக, டிவி முன்னால் இருந்தபடியே அவரைத் திட்டியவர்கள் ஏராளம். "ஓடத் தெரியுது, அடிக்கத் தெரியலையே!" 2022 ஜனவரியில் மும்பைக்குப் போனார். 2023-ல் அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. இருபது சொச்ச வயதுப் பையனுக்கு ஒரு மோசமான வருடம் அமையும். அதைக் கடக்கும்வரை வைத்துக்கொள்ளத் தெரிந்த கிளப்புக்குத்தான் அவருடைய நல்ல வருடங்கள். பதின்வயதில் வந்து இங்கேயே கேப்டனாக வளர்ந்த அனிருத் தாபாவும் 2023-ல் மோகன் பகானுக்குப் போய்விட்டார்.

எங்கள் விவாதத்தில் எனக்கு ஒரே ஒரு குறை உண்டு. எல்லாப் பேச்சும் கடைசியில் வெளிநாட்டு ஸ்டிரைக்கரில் போய் நிற்கிறது. 2014-ல் களத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம். அன்று அந்தப் பேச்சுக்கு அர்த்தம் இருந்தது. 2021-22 முதல் நான்கே பேர். பதினொருவரில் ஏழு பேர் இந்தியர்கள். ஆட்டத்தின் கனம் அந்த ஏழு பேர் மேல் ஏறி வருடங்களாகின்றன. பிரேசிலிலிருந்து யார், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து யார் என்று கேட்கிற வாய், வியாசர்பாடியிலிருந்து யார் என்றும் கேட்க வேண்டாமா?

வியாசர்பாடிக்குப் போகச் சென்ட்ரலிலிருந்து ரயிலில் சில நிமிடங்கள் போதும். சந்துக்குச் சந்து பந்து உதைக்கிற இடம். தன்பால் கணேஷ் அங்கிருந்து வந்தவர். 2018 அரையிறுதியில், சென்னையில், கோவாவுக்கு எதிரான 3-0 வெற்றியில் ஜெஜே இரண்டு அடித்தார். மற்றொன்று கணேஷுடையது. அந்தக் கோலுக்கு எழுந்த சத்தம் வேறு மாதிரி இருந்தது. தெருப்பையன் அடித்த கோலுக்கு ஸ்டேடியம் கத்துகிற சத்தம் அது. நான்கு நாள் கழித்து இறுதிப் போட்டியின் நடுக்களத்திலும் அவர் நின்றார்.

நந்தகுமார் சேகரும் வடசென்னைதான். 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று ஜெயித்தபோது அந்த ஒரே கோல் அவருடையது. வருடக்கணக்கில் டெர்பி தோல்வியைச் சுமந்துகொண்டிருந்த பாதிக் கொல்கத்தா அன்று நம்மூர்ப் பையன் ஒருவனைத் தோளில் தூக்கிவைத்தது. பெருமைதான். கூடவே வயிறு எரிந்ததும் நிஜம். நெய்வேலியின் எட்வின் சிட்னி வான்ஸ்பால் சில சீசன்கள் நம் நீலத்தில் ஆடினார். அவரை நமக்குக் காட்டியது 2018-19-ல் ஐ-லீக்கை வென்ற சென்னை சிட்டி அணி, கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய அணி. தமிழ்நாட்டில் ஆட்டக்காரர்கள் இல்லை என்று யாராவது சொன்னால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

பயிற்சியாளர் விஷயத்திலும் இதே கதை. இந்தியாவுக்கு ஆடிய நம்மூர் சையத் சபீர் பாஷா, 2022-ல் பாண்டோவிச் போன பிறகு சீசனின் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டார். அவரை நிரந்தரமாக்கலாமா என்று எங்களில் சிலர் வாதாடினோம். "அனுபவம் பத்தாதுப்பா" என்ற பதில் உடனே வந்தது. அந்த அனுபவத்தை யார் கொடுப்பது என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

2025 ஜூலையில், லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் கூட்டமைப்புக்கும் இடையிலான ஒப்பந்தம் முடியப்போகிற சிக்கலில், அடுத்த ஐ.எஸ்.எல். சீசனே நிறுத்திவைக்கப்பட்டது. கோச்சை மாத்தணுமா என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், ஆட்டம் இருக்குமா என்று கேட்கத் தொடங்கினார்கள். அப்போதும் பேச்சு நிற்கவில்லை. அந்த வருடம் காயில் போன இடத்துக்கு கோவாவின் முன்னாள் ஆட்டக்காரர் கிளிஃபோர்ட் மிராண்டாவை கிளப் எடுத்தது. 2023-ல் ஒடிசாவை இடைக்காலப் பயிற்சியாளராக நடத்தி சூப்பர் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் அவர். அந்த ஒடிசா அணியில் நந்தகுமாரும் ஆடினார்.

வடசென்னைப் பையன் ஒருவனை நம்பி ஆடவைத்துக் கோப்பை வென்றவர் சென்னைக்கு வந்திருக்கிறார். அவரை ஆறு ஆட்டத்தில் எடைபோடாமல் மூன்று சீசனாவது விடவேண்டும். ஒவ்வொரு சீசனிலும் குறைந்தது இரண்டு தமிழ்நாட்டுப் பையன்களாவது பெஞ்சில் உட்காராமல் களத்தில் தொண்ணூறு நிமிடம் நிற்கவேண்டும். ரசிகர்கள் சார்பில் கிளப்பிடம் கேட்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தால் முதலில் இந்த இரண்டையும் கேட்பேன், ஸ்டிரைக்கர் யார் என்பதை அதற்குப் பிறகு கேட்பேன்.