மாளிகைக்கு மறுபடியும்

'ரெஸிடென்ட் ஈவில்' என்ற வீடியோ விளையாட்டு குறைபட்ட படைப்பு என்று நிரூபிக்க அதிகச் சிரமம் வேண்டியதில்லை. வசனம் அபத்தம். அதைப் பேசும் குரல்கள் அதைவிட அபத்தம். பாத்திரத்தை நடத்திச் செல்வது பாரவண்டியைச் சந்துக்குள் திருப்புவது போன்ற காரியம். கதை, மூன்றாந்தர அமெரிக்கப் பயங்கரப் படங்களின் எச்சம். இவ்வளவும் தெரிந்தே இருபது வருஷங்களுக்கு மேலாக, வருஷத்துக்கு ஒரு முறையாவது, அதற்குத் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறேன். கவிதை விஷயத்தில் கறாராகப் பேசுகிறவன் இதற்கு மட்டும் ஏன் சலுகை காட்டுகிறான் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பால்ய ஞாபகம், பழக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. ஒன்றிடம் திரும்பத் திரும்பப் போகிறோம் என்றால் அது நம்மிடம் ஏதோ வேலை செய்கிறது. அந்த வேலை என்ன என்று பார்ப்பது விமர்சனத்துக்கு அந்நியமானதல்ல.

இதை ஆடியிராதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் பிளேஸ்டேஷனுக்காக 1996 மார்ச்சில் வெளியிட்டது. அங்கே அதன் பெயர் 'பயோஹஸார்ட்'. இயக்கியவர் ஷின்ஜி மிகாமி. இதற்கு ஒரு மூதாதை உண்டு: அதே நிறுவனம் 1989-ல் டோக்குரோ ஃபுஜிவாராவைக் கொண்டு செய்த 'ஸ்வீட் ஹோம்'. அது, கியோஷி குரோசவா அதே வருஷம் எடுத்த அதே பெயருள்ள சினிமாவிலிருந்து பிறந்தது. காணாமல் போன சகாக்களைத் தேடி மலைக்காட்டுக்கு வரும் போலீஸ் விசேஷப் படையினர் நாய்களால் துரத்தப்பட்டு ஒரு மாளிகைக்குள் ஓடி ஒளிகிறார்கள். ஜில் என்ற பெண், கிறிஸ் என்ற ஆண், இருவரில் ஒருவராக நாம் உள்ளே நடக்க வேண்டும். உள்ளே நடைப்பிணங்கள். கையில் தோட்டா கொஞ்சம். ஜில் எட்டுப் பொருள்கள் சுமக்கலாம், கிறிஸ் ஆறுதான். சாவி ஒன்று, துப்பாக்கி ஒன்று, மூலிகை ஒன்று என்று இடம் தீர்ந்துபோகும். எதை எடுத்துப் போவது, எதைப் பெட்டியில் விட்டுப் போவது என்பதே பாதி விளையாட்டு.

அதுவரை ஆடியதைப் பதிந்துவைக்க மாளிகையின் சில அறைகளில் டைப்ரைட்டர் இருக்கிறது. அதற்கு மை ரிப்பன் வேண்டும். ரிப்பனும் எண்ணித்தான் கிடைக்கும். எந்தத் திகிலையும்விட இந்த ஒரு யோசனைதான் மிகாமியின் பெரிய கண்டுபிடிப்பு என்று நினைக்கிறேன். செத்தால் எங்கிருந்து தொடங்குவோம் என்பதே செலவுக் கணக்குக்குள் வந்துவிடுகிறது. மேல்நாட்டுப் பையன் ஒருவனுக்கு அந்த டைப்ரைட்டர் பழைய காலத்து அலங்காரப் பொருளாகத் தெரிந்திருக்கும். எனக்கு அப்படியில்லை. பத்தாவது முடித்த விடுமுறையில், லோயர் பாஸ் செய்துவிட்டால் எங்காவது ஒட்டிக்கொள்ளலாம் என்று அம்மா என்னை இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்திருந்தாள். காலை ஆறு மணிக்கு 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' என்று தட்டிக்கொண்டிருப்பேன். ரிப்பன் வெளுத்து எழுத்தே விழாவிட்டாலும் புது ரிப்பன் லேசில் வராது. சாயங்காலம் மாளிகைக்குள் அதே இயந்திரம், அதே ரிப்பன் பஞ்சம். இரண்டுமே எனக்கு நிகழ்காலம்.

சரவணம்பட்டி 2011-ல்தான் கோவை மாநகராட்சியோடு சேர்ந்தது. நான் சொல்வது அதற்கு எட்டு வருஷம் முன்பு. சத்தி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் பேக்கரிக்குப் பின்னால் தகர ஷீட் போட்ட ஓர் அறை, மூன்று டி.வி., மணிக்குப் பத்து ரூபாய். கடைக்கெல்லாம் சேர்த்து ஒரே மெமரி கார்டு. அதில் மொத்தம் 15 இடம். கிரிக்கெட், மல்யுத்தம், கார்ப் பந்தயம் ஆடுகிற பையன்கள் என் ஆட்டத்தின் மேலேயே அவர்கள் ஆட்டத்தைப் பதிந்துவிட்டுப் போவார்கள். மறுநாள் நான் வாசற்படியிலிருந்து தொடங்க வேண்டும். மாளிகையின் முதல் ஒரு மணி நேரத்தை மட்டும் முப்பது தடவையாவது ஆடியிருப்பேன். வாசல் கூடம், சாப்பாட்டு அறை, தின்றுகொண்டிருக்கும் பிணம் மெல்லத் தலையைத் திருப்பும் அந்தச் சின்ன வழி. இதற்குள், "கண்ணு, டைம் ஆயிருச்சு, எந்திரி" என்று கடைக்காரர் குரல் வந்துவிடும். ஆக, திரும்ப ஆடுவது என்பது பிற்பாடு ஏற்பட்ட ஆசையல்ல. இந்தப் படைப்பை நான் அறிந்த முறையே அதுதான்.

இனி, குறைகள். எல்லாக் குறையும் ஒரே ஜாதியல்ல என்பதுதான் நான் சொல்ல வருவது.

ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் திரை இருண்டு, கதவு மட்டும் தனியாகத் தெரிந்து, சாவகாசமாகத் திறக்கும். பிளேஸ்டேஷனின் பிரதான நினைவகம் 2 மெகாபைட். அடுத்த அறையை வட்டிலிருந்து எடுத்து வர நேரம் பிடிக்கும், அந்த நேரத்தை மூடி மறைக்க வைத்த திரைச்சீலை அந்தக் கதவு. இயந்திரத்தின் இயலாமை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஆடுகிறவனுக்கு அது கதவின் இந்தப் பக்கமும் இல்லாத அந்தப் பக்கமும் இல்லாத ஒரு பொழுது. கையில் பொத்தான் இருந்தும் செய்வதற்கு ஒன்றுமில்லை. அடுத்த அறையில் ஒன்றும் இருக்காது என்று தெரிந்திருந்தும் அந்தப் பொழுது நீள்கிறது.

நடையும் அப்படித்தான். மேல் பொத்தானை அழுத்தினால் பாத்திரம் தான் பார்த்திருக்கும் திசையில் முன்னே போகும். இடம், வலம் அழுத்தினால் நின்ற இடத்திலேயே திரும்பும். காமிரா மூலையில் ஆணி அடித்தது போல் நிற்கும், நாம் நகர நகர வேறொரு மூலைக்குத் தாவும். 1992-ல் பிரான்ஸில் வெளியான 'அலோன் இன் தி டார்க்' ஏற்கெனவே கையாண்ட உத்திதான். பிணத்தின் முனகல் கேட்கிறது, பிணம் தெரியவில்லை, ஏனென்றால் அது காமிராவுக்குப் பின்னால் இருக்கிறது. திரும்பி ஓட நினைத்தால் உடம்பு உடனே கேட்பதில்லை. கெட்ட கனவில் கால் நகராமல் போகுமே, அதை இதைவிடச் சரியாக வேறு எந்தக் கலைச்சாதனமும் எனக்குக் கொடுத்ததில்லை. யாப்பை உதறியவர்கள் நாம். நிர்ப்பந்தம் என்ற சொல்லே நமக்கு ஆகாது. ஆனால் யாப்பு நமக்கு வேண்டாததாகியது அது நிர்ப்பந்தம் என்பதால் அல்ல, சொல்ல வந்ததற்கும் அதற்கும் தொடர்பு அற்றுப்போனதால். இங்கே அந்தத் தொடர்பு அறவில்லை. இயலாமையைப் பற்றிய படைப்பில் இயலாமையே உருவமாக இருக்கிறது.

இதையெல்லாம் திருத்தும் வாய்ப்பு மிகாமிக்கே வந்தது. 2002-ல் கேம்க்யூப் இயந்திரத்துக்காக இதை அவரே மறுபடி செய்தார். வசனம் புதிதாக எழுதப்பட்டது. மாளிகை அழகாகிவிட்டது, இருண்டுவிட்டது. அதில் ஒரு நுட்பம் உண்டு. 1996-ல் ஒரு தாழ்வாரத்தில் நடக்கும்போது ஜன்னலை உடைத்துக்கொண்டு நாய் பாயும், ஆடியவர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2002-ல் அதே ஜன்னலில் முதலில் கண்ணாடி விரிசல் மட்டும் விடுகிறது. நாய் பிறகு ஒருநாள், நாம் மறந்திருக்கும்போது வருகிறது. திரும்ப வருகிறவனுக்காகவே எழுதிய வரி அது. கொன்று போட்ட பிணத்தை எரிக்காவிட்டால் அது முன்னைவிட வேகமாக எழுந்து வரும் என்ற விதியும் புதிது. 2015-ல் இதைக் கணினிக்குக் கொண்டுவந்தபோது, திசையை அழுத்தினால் அந்தத் திசைக்கே நடக்கும் சுலபமான முறையையும் சேர்த்தார்கள். எல்லா வகையிலும் மேம்பட்டது இதுதான். இருந்தும் 1996-க்கே போகிறேன். அந்தப் பழைய மாளிகை லாட்ஜ் வரவேற்பறை மாதிரி பளிச்சென்று விளக்குப் போட்டு வைத்திருக்கிறது. இருட்டு நம்மிடம் 'பயப்படு' என்று சொல்லிவிடுகிறது. வெளிச்சம் எதுவும் சொல்வதில்லை. உச்சிப்பொழுதில் தனியாகக் கிணற்றுப் பக்கம் போகாதே என்பாள் என் அம்மிச்சி. ராத்திரியைப் பற்றி அவள் அவ்வளவு கவலைப்பட்டதில்லை.

வசனம் வேறு ஜாதிக் குறை. அதற்கு வக்காலத்து வாங்க முடியாது. இறங்கி வரும் கூரைக்கடியில் நசுங்கவிருந்த ஜில்லைச் சகா ஒருவன் காப்பாற்றிவிட்டு, அவள் சாண்ட்விச் ஆகியிருப்பாள் என்று வேடிக்கை பேசுகிறான். உலகம் முழுக்கச் சிரித்துத் தீர்த்த இடம். ஜப்பானியப் பதிப்பிலும் குரல்கள் ஆங்கிலம்தான், அவர்கள் கீழே எழுத்தில் படித்துக்கொண்டார்கள். அர்த்தத்துக்காக வைத்த ஆங்கிலம் அல்ல, அமெரிக்கப் படத்தின் வாசனைக்காக வைத்தது. எனக்கோ அது முதல் ஆங்கிலம். தமிழ் மீடியம் பையன். மாளிகையில் கிடக்கும் காகிதங்களை ஒரு கோடு போட்ட நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டு வந்து, வீட்டில் அகராதியை வைத்துக்கொண்டு அர்த்தம் தேடியிருக்கிறேன். அந்தக் குரல்கள் மோசம் என்பது எனக்குக் கேட்கவே இல்லை. பி.ஏ. ஆங்கிலம் படித்த பிறகுதான் கேட்டது. 1764-ல் ஹோரஸ் வால்போல் எழுதிய 'ஒட்ரான்டோ கோட்டை'யில் பூதாகாரமான தலைக்கவசம் ஒன்று மேலிருந்து விழுந்து மாப்பிள்ளைப் பையனை நசுக்கிவிடுகிறது. வகுப்பே சிரித்தது. ஒரு மரபையே தொடங்கிவைத்த புத்தகம் என்று அடுத்த மூச்சில் பாடம் தொடர்ந்தது. சிரிப்பதற்கும் ஒரு காது வேண்டும். அந்தக் காதை நான் கட்டணம் கட்டி வாங்கினேன். நண்பர்கள் அந்தச் சாண்ட்விச் காட்சியை கைபேசியில் போட்டுச் சிரிக்கும்போது எனக்கும் சிரிப்பு வருகிறது. கூடவே, சிரிப்பின் ஒரு பங்கு யார்மேல் விழுகிறது என்பதும் தெரிகிறது. குறை உண்டு. அதைக் குறை என்று காண்கிற கண் எங்கிருந்து வந்தது என்பதையும் விமர்சகன் கணக்கில் எழுத வேண்டும்.

அந்தக் காகிதங்களில் ஒன்றை மட்டும் எந்தச் சலுகையும் இல்லாமல் நல்ல எழுத்து என்பேன். அது காவலாள் ஒருவனின் டைரி. சீட்டாட்டம், மிருகங்களுக்குத் தீனி என்று சாதாரணமாகத் தொடங்குகிறது. பிறகு தோலில் அரிப்பு. பிறகு பசி. வாக்கியங்கள் குட்டையாகிக்கொண்டே போய்க் கடைசியில் அரிப்பும் ருசியுமாக ஒற்றைச் சொற்கள் மிஞ்சுகின்றன. மனிதன் பிணமாவதை இலக்கணம் உதிர்வதாகக் காட்டியிருக்கிறார்கள்.

எல்லாம் தெரிந்த பிறகு பயம் எங்கே என்று கேட்கலாம். நம் பக்கத்தில் இந்தக் கேள்வி எழுந்ததே இல்லை. அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பல ராத்திரிகள் பாடுகிறார்கள். பொன்னரும் சங்கரும் சாவார்கள் என்பது கேட்கிற குழந்தைக்கும் தெரியும். படுகளத்தில் மாண்டவர்களாக விழுந்து கிடப்பவர்களை எழுப்புவார்கள் என்பதும் தெரியும். அடுத்த வருஷமும் அதே கூட்டம் வருகிறது. 'என்ன நடக்கும்' தீர்ந்த பிறகே 'எப்படிப் போய்ச் சேர்கிறோம்' தொடங்குகிறது. மாளிகையிலும் முதல் தடவை பயம் கண்ணில் இருக்கிறது. பிறகு அது கணக்குக்கு இறங்கிவிடுகிறது. இந்தப் பிணத்தைச் சுட்டால் மூன்று வழிகள் தள்ளி இன்னொன்றுக்குத் தோட்டா இருக்காது. சுடாமல் விட்டால் திரும்பும்போதும் இங்கேதான் நிற்கும். நாள் முழுக்கப் பிறர் பணத்தை எண்ணி, சாயங்காலம் கேஷ் டாலி ஆகும்வரை நாற்காலியை விட்டு எழ முடியாத உத்தியோகத்தில் இருப்பவனுக்கு இந்த பயம் கற்பனையானதல்ல.

மெய்யான குறை கடைசியில் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் சிரிப்பதில்லை. மாளிகைக்கு அடியில், வைரஸ் தயாரித்த கம்பெனியின் சோதனைக்கூடம். அங்கே இறங்கும்போது கைநிறையத் தோட்டாக்கள் சேர்ந்திருக்கின்றன. ரிப்பன் மிஞ்சியிருக்கிறது. எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. உச்சகட்டத்தில் ஹெலிகாப்டரிலிருந்து ராக்கெட் லாஞ்சர் ஒன்றைத் தூக்கிப் போடுகிறார்கள். வால்போலின் தலைக்கவசம் மாதிரி இதுவும் வானத்திலிருந்துதான் விழுகிறது. ஆனால் அந்தத் தலைக்கவசம் கதையைத் தொடங்கி வைத்தது, இது கதையைக் கைகழுவுகிறது. பஞ்சத்தின் மேல் கட்டிய வீடு கடைசியில் தாராளத்தைக் காட்டி நம்மை வழியனுப்புகிறது. கட்டை நடையும் கதவும் இயந்திரத்தின் இயலாமை, வசனம் மொழியின் இயலாமை. இது மட்டும் தன் விதியைத் தானே நம்பாமல் போனது. கவிதையில் நாம் பொறுத்துக்கொள்ளக்கூடாததும் இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

1996-ன் அந்தப் பழைய வடிவமே 2024-ல் கணினிக்கு மறுபடியும் விற்பனைக்கு வந்தது. இப்போது ஆடுவது அதைத்தான், கிறிஸ்ஸை வைத்துக்கொண்டு, ஆறு பொருள்களோடு. முற்றத்து நீரூற்றில் ஓநாய்ப் பதக்கமும் கழுகுப் பதக்கமும் பொருத்தினால் சோதனைக்கூடத்துக்கு வழி திறக்கும். பெரும்பாலான வருஷங்களில் நான் பதக்கங்களைப் பொருத்துவதில்லை. மாளிகைக்குள் திரும்பி வந்து டைப்ரைட்டர் முன்னால் நிறுத்திக்கொள்கிறேன்.