அலியா, டைசனா?

நைட் டியூட்டியில ஹவுஸ் சர்ஜன் தம்பி கேட்டார்: "சார், ஹெவிவெயிட்ல அலியா, டைசனா?"

ஆரம்பக் கணக்குப்படி டைசன். 1985-ல் தொடங்கி, 27 போட்டி, 27 வெற்றி, அதில் 25 நாக் அவுட். 1986-ல் 20 வயதில் சாம்பியன்.

அலி 1960-ல் தொடங்கி, 19-க்கு 19 வெற்றி, 15 நாக் அவுட். 1964-ல் 22 வயதில் சாம்பியன்.

ஸ்கூல்ல இதை வெச்சுத்தான் டைசனுக்காக சண்டை போட்டேன்.

கேஷுவால்டிக்கு வந்த பிறகு கண்ணு வேற இடத்துக்குப் போகுது. அந்தக் கணக்கில் தலை வாங்கின குத்துக்கு இடமே இல்லை. 1984-ல், 42 வயதில் அலிக்கு பார்க்கின்சன் பாதிப்பு கண்டறியப்பட்டது. குத்து மட்டுமே காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது; ஒதுக்கவும் முடியாது.

உங்க பிள்ளை பாக்ஸிங் போறானா? ஜெயிச்சியான்னு கேக்கறதுக்கு முன்னாடி, தலை வலிக்குதான்னு கேளுங்க.