ஸ்கிப் போட்டா பாஸா?

"டெஸ்டிங்கா? சும்மா பட்டனைத் தட்டிப் பார்க்கிற வேலைதானே!" வேலையில சேர்ந்த நாள்லேர்ந்து இதைக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப்போச்சு ஃப்ரெண்ட்ஸ். அப்படி நினைக்கிறவங்களுக்காக ஒரு மேட்டர்.

எங்க டீமோட டெஸ்ட் ஸ்கிரிப்ட் எல்லாம் வருஷக்கணக்கா விர்ச்சுவல் மெஷின்லதான் ஓடிட்டிருந்தது. "எல்லாத்தையும் டாக்கர் கன்டெய்னருக்கு மாத்திடு"ன்னு அந்த வேலை என் தலையில விழுந்துச்சு. 2013-ல் வெளிவந்தது டாக்கர். மெஷின் பூட் ஆகுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். சில நொடியில ரெடி! ஆசையா மாத்தி ஓட்டினா... வரிசையா ஃபெயில்.

காரணம் சிம்பிள். விர்ச்சுவல் மெஷின் தனி வீடு. கெர்னல், கடிகாரம் எல்லாமே அதுக்குச் சொந்தம். கன்டெய்னர் ஹாஸ்டல் ரூம் மாதிரி. உங்க ரூமுக்குப் பூட்டு உண்டு; ஆனா மெயின் சுவிட்ச் மொத்த ஹாஸ்டலுக்கும் ஒண்ணுதான். அந்த மெயின் சுவிட்ச்தான் ஹோஸ்ட் மெஷினோட கெர்னல்.

ஃபெயில் ஆனதை ஒவ்வொண்ணா பிரிச்சேன். குரோம் பிரவுசர் பாதியில படுத்துக்கிச்சு. ஏன்னா, பகிர்வு மெமரிக்கு டாக்கர் வழக்கமா கொடுக்கிறது 64 எம்.பி.தான். கூட்டிக் கொடுத்தேன், எழுந்து உட்கார்ந்துச்சு. சர்வீஸை ஸ்டார்ட் பண்ற ஸ்கிரிப்ட், 'சிஸ்டம்-டி'யைத் தேடி ஏமாந்தது. புரோகிராமை நேரடியா ஓடவிட்டேன். 'ஃப்ரீ' கமாண்ட் ஹோஸ்ட்டோட மொத்த மெமரியைக் காட்டி ஏமாத்துச்சு. கன்டெய்னரோட லிமிட்டை 'சி-குரூப்' ஃபைல்ல படிக்க வெச்சேன்.

கடைசியா மாட்டினது லைசென்ஸ் டெஸ்ட். சிஸ்டம் தேதியை ஒரு வருஷம் தள்ளி வெச்சு, காலாவதியானதும் சாஃப்ட்வேர் தன்னைப் பூட்டிக்குதான்னு பார்க்கும். கன்டெய்னருக்குள்ள தேதியை மாத்த அனுமதி இல்லை. டெமோவோ வெள்ளிக்கிழமை!

ஆபீஸ்ல ரெண்டு ஐடியா வந்துச்சு. முதல் ஐடியா, "பிரிவிலேஜ்ட் மோடுல ஓட்டு." ஓடும்தான். ஆனா மாறப்போறது ஹோஸ்ட்டோட தேதி! பக்கத்து கன்டெய்னர்ல ஓடுற மத்தவங்க டெஸ்ட்டும் சேர்ந்து அடுத்த வருஷத்துக்குப் போயிடும்.

ரெண்டாவது, "பேசாம ஸ்கிப் போடு. ரிப்போர்ட் பச்சையா வந்துடும்."

இதுதான் எனக்கு உறுத்துச்சு. பச்சைன்னா 'சோதிச்சோம், சரியா இருக்கு'ன்னு அர்த்தம். சோதிக்கவே இல்லையே! சேர்ந்து ஆறு மாசம்கூட ஆகாத ஜூனியர், சீனியர்கிட்ட "வேணாம்ணா"ன்னு சொல்றது லேசு இல்லை. தயங்கித் தயங்கி சொல்லிட்டேன். அந்த ஒரு டெஸ்ட்டை விர்ச்சுவல் மெஷின்லயே விட்டு வெச்சோம். இப்போ ஸ்கிரிப்ட், தான் இருக்கிறது கன்டெய்னரான்னு முதல்ல பார்த்துக்கும். ஆமாம்னா, 'இது இங்கே ஓடாது, காரணம் இது'ன்னு மஞ்சள் கலர்ல தனியா எழுதிடும்.

டெமோவுல "அது என்ன மஞ்சள்?"னு கேட்டாங்க. காரணத்தைச் சொன்னோம். "ஓகே"ன்னு அடுத்த பக்கம் போயிட்டாங்க. அவ்வளவுதான்!

நம்ம காலேஜ் லேப்லயும் இதே கதைதானே? ஓடாத புரோகிராமுக்கு, பக்கத்துப் பையனைப் பார்த்து ரெக்கார்டு நோட்டுல அவுட்புட் எழுதினா மார்க் வரும். ஆனா அந்த புரோகிராம் ஏன் ஓடலைங்கிறது கடைசி வரைக்கும் நமக்குத் தெரியாமலே போயிடும்.