ஹராஸீஸ் பாலையின் வெண்மான்

கத்தார் நாட்டு விமானத்தின் வாற்பகுதியில் நீண்ட கொம்புடைய மானின் தலை வரையப்பட்டிருப்பதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். ஓரிக்ஸ் என்னும் அவ்விலங்கை அரபு மக்கள் ‘மஹா’ என்பர். எழில்மிகு பெண்ணின் விழிகளுக்கு இதன் விழிகளை உவமை கூறுவது அரபுக் கவிஞர் மரபு. பெண் குழந்தைகளுக்கு இப்பெயரைச் சூட்டுவோரும் அங்கு உளர்.

மஸ்கட்டிலிருந்து ஸலாலா செல்வோர் வழியில் ஹைமா என்னும் சிற்றூரைக் கடப்பர். அப்பகுதியில் விரிந்து கிடக்கும் கற்பாலையே ஜித்தத் அல் ஹராஸீஸ். ஆண்டுக்கணக்கில் மழை பொய்த்துவிடும் நிலம் அது. ஆயினும் அரபிக்கடலிலிருந்து எழும் மூடுபனி, இரவில் புல்லிலும் மரத்திலும் நீராய்ப் படிகிறது. அந்நீரும் பசுந்தழையும் ஓரிக்ஸுக்குப் போதுமானவை. பல மாதங்கள் தண்ணீரைத் தேடாமலேயே அது வாழ்ந்துவிடும்! கதிரவனின் வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெண்மேனி அதற்கு வாய்த்திருக்கிறது.

வெயிலை வென்ற விலங்கு துப்பாக்கியையும் மோட்டார் வாகனத்தையும் வெல்ல இயலாமற் போயிற்று. 1972இல் காட்டில் எஞ்சிய கடைசி ஓரிக்ஸ்களும் இப்பாலையிலேயே வேட்டையாடப்பட்டன. நல்லவேளையாக, 1962இல் தென் அரேபியாவில் பிடிக்கப்பட்ட மூன்றோடு, சவூதி மன்னரும் குவைத் ஆட்சியாளரும் லண்டன் விலங்கியல் பூங்காவும் அளித்தவை சேர்ந்து, ஒன்பது விலங்குகள் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் காக்கப்பட்டிருந்தன. சுல்தான் காபூஸின் ஆர்வத்தால் அவற்றின் வழித்தோன்றல்கள் ஓமன் வந்தன. 1982இல் பத்து ஓரிக்ஸ்கள் பாலையில் விடப்பட்டன. அவற்றைக் காவல் காத்தவர்கள், அங்கேயே ஒட்டகமும் ஆடும் மேய்த்து வாழ்ந்த ஹராஸீஸ் குலத்தார். அந்த நிலத்தை அவர்களைவிட அறிந்தவர் யார்?

1994இல் யுனெஸ்கோ இச்சரணாலயத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1996இல் ஏறத்தாழ 450 ஓரிக்ஸ்கள் இருந்தன. அவ்வாண்டிலேயே திருட்டு வேட்டையும் மீண்டும் தலைதூக்கியது. இம்முறை கொல்வதற்கன்று, செல்வந்தர்களின் தனியார் பண்ணைகளுக்கு விற்க, பெண் விலங்குகளையும் கன்றுகளையும் உயிருடன் பிடித்தனர். பிடிபட்ட பதற்றத்திலேயே பல மடிந்தன. காசு கொடுத்து வாங்கியோருக்கும் இப்பழியில் பங்குண்டு என்றே கூறுவேன்.

2007இல் எஞ்சியவை 65 மட்டுமே. இனம் பெருக்கும் இணைகளோ நான்கே! எண்ணெய் தேடும் திட்டமும் குறுக்கிட, ஓமன் அரசு சரணாலயப் பரப்பை 90 சதவீதம் குறைத்தது. யுனெஸ்கோ அதே ஆண்டில் இதைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அவ்வாறு நீக்கப்பட்ட முதல் இடம் உலகிலேயே இதுதான்.

ஆயினும் ஓரிக்ஸ் அழிந்துவிடவில்லை. சவூதி அரேபியாவிலும் அமீரகத்திலும் விடப்பட்ட மந்தைகள் பெருகின. 2011இல் காட்டில் ஏறத்தாழ 1,000 இருப்பதாகக் கணிக்கப்பட்டு, இதன் அபாய நிலை ஒரு படி தளர்த்தப்பட்டது. ஓமனிலோ, சுதந்திரமாய்த் திரிந்த மந்தையின் வழிவந்தவை வேலிக்குள் வளர்க்கப்படுகின்றன.