ஆயம்

டெக்ஸாஸில் படிக்கும் என் பேத்தி ஒரு ஸொராரிட்டியில் சேர்ந்துவிட்டாள். மூன்று கிரேக்க எழுத்துகள் பொறித்த சட்டையில், அதே சட்டை அணிந்த பெண்களுக்கு நடுவே அவள் நிற்கும் படம் வந்தபோது நான் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலை நடையில் இருந்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, இது என்ன விஷயம் என்று கூப்பிட்டுக் கேட்டேன்.

ரத்த தானம், தீபாவளி, படிப்பில் தடுமாறுகிறவளுக்குக் கைகொடுப்பது, சந்தா, சேரும்போது ஒரு சடங்கு, வெளியே சொல்லக் கூடாத சில வார்த்தைகள். மூத்தவள் ஒருத்தியை இவளுக்கு அக்காவாக நியமித்திருக்கிறார்கள். அந்த அக்காவுக்கு ஒரு அக்கா. 'வம்சம் மாதிரி பாட்டி. படிப்பு முடிஞ்சாலும் இது முடியாது. சாகறவரைக்கும் மெம்பர்தான்.'

எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தா கட்டி அக்கா வாங்குகிற தேசம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். இங்கே காய்கறிக்காரி அக்கா, பஸ் கண்டக்டர் அண்ணன். உறவுச் சொல்லுக்கு நம்மிடம் பஞ்சம் கிடையாது. இந்த இளக்காரம் இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் பழைய காரியம் ஒன்று நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அந்தச் சங்கங்கள் எப்படித் தோன்றின என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

இண்டியானாவில் ஒரு கல்லூரி. ஆண்களின் சங்கம் ஒன்று பெட்டி லாக் என்ற மாணவிக்குத் தன் சின்னத்தைக் குத்திக்கொள்ளத் தர முன்வந்தது. உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இல்லை. அவளும் தோழிகளும் 1870-ல் கப்பா ஆல்ஃபா தீட்டா என்று தங்களுக்கே ஒன்று தொடங்கினார்கள். ஸொராரிட்டி என்ற சொல்கூட அப்போது இல்லை. 1882-ல் ஸிரக்யூஸில் ஒரு லத்தீன் பேராசிரியர் செய்து கொடுத்த சொல் அது. இப்படி முளைத்த சங்கங்கள் கறுப்பினப் பெண்களைச் சேர்க்கவில்லை. 1908-ல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் அவர்கள் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் பூர்விகம் உள்ள தாயின் மகள் கமலா ஹாரிஸ் 1986-ல் சேர்ந்தது இதில்தான். 1913-ல் அதே ஹோவர்டில் பிறந்த டெல்டா ஸிக்மா தீட்டா செய்த முதல் பொதுக் காரியம், அந்த மார்ச்சில் வாஷிங்டனில் பெண்களின் வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்தது. 1998-ல் ஆஸ்டினில் தெற்காசியப் பெண்கள் கப்பா ஃபை காமாவைத் தொடங்கினார்கள். ஏதோ ஒரு வீட்டில் இடம் கிடைக்காதவர்கள் கட்டிக்கொண்ட வீடுகள் இவை. கட்டி முடித்ததும் அதே வீட்டார் அடுத்தவளுக்குக் கதவடைத்ததும் உண்டு.

சென்னைக்கு இந்தக் கிரேக்க எழுத்துகள் வரவில்லை. கல்லூரிகள் வந்தன. பின்னால் ராணி மேரி என்று பெயர் பெற்ற கல்லூரி 1914-ல், பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி 1915-ல். கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. 1939-ல் பெண்களைச் சேர்த்தது. அங்கே விடுதிக்கு ஹால் என்று பெயர். ஏரிக்கரையில் என்னோடு நடக்கும் இரண்டு பெரியவர்கள் ஒருவருக்கொருவர் அறிமுகமானது வேலையையோ ஊரையோ சொல்லி அல்ல. ஒருவர் சேலையூர் ஹால் என்றார், மற்றவர் ஹீபர் ஹால் என்றார். எழுபது வயதிலும் அது அவர்களுக்கு ஒரு முகவரி. பெண்களுக்கும் அங்கே மார்ட்டின், மார்கரெட், பார்ன்ஸ் என்று ஹால்கள் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி இரண்டு பெண்கள் அறிமுகமாகி நான் இந்தக் கரையில் கேட்டதில்லை. எந்தத் தெரு, எந்த வீட்டு மருமகள் என்றுதான் பேச்சு தொடங்குகிறது.

நான் படித்தது நகரத்தின் வேறொரு கல்லூரியில். 1974-ல் சேர்ந்தேன். விடுதியில் ஒரு பெரிய ரிஜிஸ்தர். தகப்பனார் பெயர், கார்டியன் பெயர், பார்க்க வரலாம் என்று அனுமதிக்கப்பட்டவர்களின் பட்டியல். ராத்திரி பெயர் கூப்பிடுவார்கள். அறைக்கு நான்கு பேர். மூன்று வருஷத்தில் ஒருத்தியின் காய்ச்சல் மற்றவளுக்குத் தெரியும், ஒருத்தியின் கடிதத்தை மற்றவள் படிப்பாள், யாருக்கு எந்த மாசம் பணம் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். பிரியும்போது, வருஷா வருஷம் ஜனவரி முதல் ஞாயிறு லைட் ஹவுஸ் பக்கம் கடற்கரையில் சந்திப்பது என்று சத்தியம் செய்தோம். முதல் வருஷம் மூன்று பேர். அடுத்த வருஷம் இரண்டு பேர். அதற்கடுத்த வருஷம் நானும் போகவில்லை.

நால்வரில் ஒருத்தி, என் பக்கத்துக் கட்டில்காரி, இன்லண்ட் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். 1981-ல் வந்ததில் நாலே வரி. புருஷன் வீட்டை விட்டு வந்துவிட்டாள். அப்பா வீட்டில் அண்ணி இருக்கிறாள். வேலை கிடைக்கிறவரை உன் வீட்டில் பத்து நாள் தங்கலாமா?

கடிதத்தை என் மாமியாரிடம் படித்துக் காட்டினேன். அவர் கெட்டவர் அல்ல. நியாயமாக ஒன்றுதான் கேட்டார்: 'அவ நமக்கு என்ன உறவு?'

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சொல் இல்லை. கூடப் படித்தவள் என்றேன். கூடப் படித்தவள் நூறு பேர். ஒரே அறை என்றேன். அது ஒரு உறவா? ஒன்றுவிட்ட அக்கா என்று பொய் சொல்லியிருந்தால் கூடத்தில் ஒரு பாய் விரித்திருப்பார்கள். தோன்றவில்லை. அல்லது தோன்றியும் தைரியம் இல்லை. நான் பதில் எழுதவில்லை. நாலைந்து மாசம் கழித்து எழுதியபோது, விலாசதாரர் இல்லை என்று கடிதம் திரும்பி வந்தது.

எல்லோரையும் அக்கா என்று கூப்பிடுகிறோம். அந்தச் சொல் கறிவேப்பிலை கொசுறு வாங்கித் தரும். பத்து ராத்திரிக்குப் படுக்க இடம் வாங்கித் தராது. அதற்கு ரத்தமோ தாலியோ சாட்சி வேண்டும்.

சங்கப் பாட்டில் இந்தக் கூட்டத்துக்கு ஒரு சொல் இருக்கிறது: ஆயம். தலைவியோடு பந்தாடுகிற, புனலாடுகிற பெண்கள். அவர்களில் ஒருத்திக்கும் பெயர் கிடையாது. தலைவி உடன்போக்கில் போய்விடுவாள்; பந்தும் பாவையும் போல ஆயமும் பின்னால் கிடக்கும்; செவிலி அழுவாள். அவள் திரும்பி வர வேண்டியிருந்தால் ஆயத்தில் யார் கதவைத் தட்டுவாள் என்பது அகத்துறைகளில் ஒன்றல்ல. விட்டுப் போவதற்காகவே உண்டான கூட்டமாக ஆயத்தை நாம் மிக அழகாகப் பாடி வைத்திருக்கிறோம்.

விட்டுப் போக வேண்டாத ஆயம் ஒன்று இந்த ஊரில் இருந்ததும் உண்மை. குழந்தைப் பருவத்திலேயே விதவையாகி, 1911-ல் பட்டம் பெற்ற ஆர்.எஸ்.சுப்பலட்சுமி, 1912-ல் எழும்பூரில் தன் வீட்டில் சில விதவைச் சிறுமிகளைச் சேர்த்துக்கொண்டு படிக்க வைக்க ஆரம்பித்தார். பின்னால் அது கடற்கரையில் ஐஸ் ஹவுஸுக்குப் போயிற்று. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைப் பாதுகாக்க 1842-ல் கட்டிய கட்டிடம் அது. அங்கும் பிராமண விதவைகளுக்குத்தான் இடம், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் ஊர் முழுக்க அவரை அழைத்தது சிஸ்டர் என்று. அந்தப் பெண்கள் உனக்கு என்ன உறவு என்று யாராவது கேட்டிருந்தால், அந்தப் பெயரே அவருக்குப் பதிலாக இருந்திருக்கும். அந்தக் கட்டிடம் இன்று விவேகானந்தர் இல்லம். 1897-ல் அவர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். அந்தச் சிறுமிகள் வருஷக்கணக்கில் தங்கினார்கள்.

பேத்தியின் சட்டை எழுத்துகளைப் பார்த்து இப்போது சிரிப்பு வரவில்லை. சந்தாவும் சடங்கும் ரகசியமும் அசட்டுத்தனமாக இருக்கலாம். நாளைக்கு ஒருத்தி பெட்டியோடு வாசலில் நின்றால், இவள் யார் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல அவர்களிடம் ஒரு வார்த்தை இருக்கும். அந்த வார்த்தையை நம்பி உண்மையில் கதவு திறப்பார்களா என்பது அவரவர் பாடு. எனக்கு அந்த வார்த்தையும் இருக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி கேட்டாள்: 'உங்க ஹாஸ்டல் ஃபிரெண்ட்ஸ் பேர் எல்லாம் சொல்லுங்க பாட்டி. ஆன்லைன்ல தேடிப் பாக்கறேன்.' மூன்று பெயர்களையும் சொன்னேன். இனிஷியலோடு சொன்னேன். அவை அவர்கள் அப்பாக்களின் இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு எந்த எழுத்து வந்தது என்று இருவருக்கு ஊகமாகச் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரிக்கு மட்டும் சொல்ல முடியவில்லை. புருஷன் எழுத்தை அவள் வைத்துக்கொண்டாளா, அப்பா எழுத்துக்குத் திரும்பினாளா, இரண்டையும் விட்டுவிட்டாளா?

'வெறும் பேரை வெச்சு எப்படித் தேடறது பாட்டி?' என்றாள்.