அடிகளை எண்ணும் மணிக்கூடு



மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று நமது கடலோர ஊர்களில் ஸுபஹ் தொழுகை முடிந்ததும் கடற்கரை வீதியைப் பாருங்கள். ஆண்கள் இரண்டு பேர், மூன்று பேராக நடந்து போவார்கள். கேட்டால், "சீனி கூடிட்டு, டாக்டர் நடக்கச் சொன்னார்" என்பார்கள். அதே சீனி வருத்தமும் அதே பிறசரும் நமது பெண்களுக்கும் இருக்கின்றன. கிளினிக் நாளில் ஆஸ்பத்திரி வாங்குகளில் வரிசையாக அமர்ந்திருப்பவர்கள் யார்? நமது உம்மாமார்களும் ராத்தாமார்களும்தானே! ஆனால், கடற்கரை வீதியில் அவர்களைக் காண்பது அரிதாக இருக்கிறது.

இப்போது நமது வீடுகளுக்கு ஒரு புதுப் பொருள் வந்திருக்கிறது. கட்டாரிலும் சவூதியிலும் தொழில் செய்யும் பிள்ளைகள், முன்பு சென்ட் போத்தலும் சாரியும் அனுப்பியதுபோல, இன்று உம்மாவுக்கு ஒரு மணிக்கூடு அனுப்புகிறார்கள். அது நேரத்தை மட்டும் காட்டுவதில்லை. அன்று எத்தனை அடி நடந்தீர்கள் என்றும் காட்டும். அதிக நேரம் அமர்ந்திருந்தால் கையில் அதிர்ந்து, எழும்பச் சொல்லும். இதைக் கட்டிக்கொண்டால் நடக்கும் ஆர்வம் வருமா? பல சகோதரிகள் கேட்கும் கேள்வி இது.

இந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். 1965இல் ஜப்பானில் இடுப்பில் மாட்டும் ஒரு கருவி விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் 'மன்போ-கே'. பத்தாயிரம் அடி அளக்கும் கருவி என்பது அதன் பொருள். நாளுக்குப் பத்தாயிரம் அடி என்று உலகம் முழுவதும் சொல்லப்படும் கணக்கு அந்த வியாபாரப் பெயரிலிருந்து பரவியதே தவிர, வைத்திய ஆராய்ச்சியில் பிறந்ததல்ல. 2019இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, சராசரி 72 வயதுடைய 16,741 பெண்களின் நடையை அளந்தது. நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களை விட, சுமார் 4,400 அடி நடந்தவர்களிடையே மரணங்கள் தெளிவாகக் குறைந்திருந்தன. 7,500 அடி அளவுக்கு மேல் அந்த நன்மை மேலும் கூடியதாகத் தெரியவில்லை. ஆகவே, பத்தாயிரம் என்ற எண்ணைப் பார்த்து மலைத்து உட்கார்ந்துவிடத் தேவையில்லை, சகோதரிகளே! இன்று நடப்பதை விட நாளை கொஞ்சம் கூட நடப்பதுதான் முக்கியம்.

சரி, எண்ணிப் பார்த்தால் நடை கூடுமா? கூடும். 2007இல் 26 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அவற்றில் பங்கெடுத்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அடி எண்ணும் கருவியைப் பாவித்தவர்கள் நாளுக்கு இரண்டாயிரம் அடிக்கு மேல் கூடுதலாக நடந்தார்கள். அதிலும், 'இவ்வளவு நடப்பேன்' என்று ஓர் இலக்கு வைத்தவர்களுக்கே அந்தப் பலன் கிடைத்தது.

ஆனால், இன்னொரு பக்கமும் உண்டு. சிங்கப்பூரில் 13 நிறுவனங்களில் வேலை செய்யும் 800 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தி, 2016இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். ஒரு சாராருக்கு இந்தக் கருவியை மட்டும் கொடுத்தார்கள். இன்னொரு சாராருக்குக் கருவியோடு, நடந்தால் பணமும் கொடுத்தார்கள். பணம் கிடைத்த ஆறு மாதமும் நடை கூடியது. பணம் நின்றதும் அந்த நடையும் குறைந்துவிட்டது. ஒரு வருட முடிவில், கருவி பெற்றவர்களில் பத்தில் ஒருவர்தான் அதை இன்னும் கட்டியிருந்தார். மற்றவர்களுடையது எங்கே? நமது வீட்டு அலுமாரிக்குள் கிடக்கும் பழைய பொருட்களைப் போலத்தான்!

எங்கள் வீட்டிலும் இது வந்தது. நமது பகுதி வழக்கப்படி நான் குடியிருப்பது மனைவியின் வீட்டில். மாமியும் எங்களோடு இருக்கிறார். மனைவியின் ராத்தாவின் வீடு அதே வளவுக்குள் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து மச்சான் அனுப்பிய மணிக்கூட்டை மனைவி கட்டிய முதல் நாள், மஃரிபு வரைக்கும் அது மூவாயிரம் அடியைத் தாண்டவில்லை. மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "விடிஞ்சதிலிருந்து குசினிக்குள்ள நிக்கிறாள். இதுக்குக் கண் தெரியாதா, மருமகன்?" என்றார்.

மாமி கேட்டதில் நியாயம் இருக்கிறது. இந்தக் கருவி கையின் ஆட்டத்தை வைத்தே அடியைக் கணிக்கிறது. இடுப்பில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் கை ஆடாது. அப்போது பல அடிகளை அது விட்டுவிடும். தேங்காய் திருவினால் நடக்காத அடியைச் சேர்த்துவிடவும் கூடும். ஆனாலும், அது சொல்வதிலும் ஓர் உண்மை உண்டு. அடுப்படியில் மணிக்கணக்காக நிற்பது உடம்பை அலுக்க வைக்கும். அந்த அலுப்பு வேறு, இருதயத்துக்கும் சீனிக்கும் நன்மை தரும் தொடர்ந்த நடை வேறு. நமது பெண்கள் களைத்துப்போகிறார்கள், ஆனால் நடப்பதில்லை. மணிக்கூடு எங்களுக்குக் காட்டித் தந்தது இதைத்தான்.

அப்படியானால் நடப்பதற்கு நேரம் எங்கே? ஸுபஹுக்குப் பிறகுதான் பிள்ளைகளின் பாடசாலைச் சாப்பாடும், தேநீரும், முற்றம் கூட்டுவதும். நாங்கள் வீட்டில் பேசி ஓர் ஏற்பாடு செய்தோம். கிழமையில் நான்கு நாள் தேநீர் வைப்பதும் சின்னவனைக் குளிப்பாட்டுவதும் என் பொறுப்பு. அந்த அரை மணி நேரத்தில் மனைவியும் ராத்தாவும் கடற்கரை வீதி வரை நடந்துவிட்டு வருகிறார்கள். மாமி அஸருக்குப் பின் வளவுக்குள்ளேயே நடக்கிறார். சில வாரங்கள் போனபின், மனைவி மணிக்கூட்டைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கட்ட மறந்த நாட்களும் உண்டு. நடை மட்டும் நிற்கவில்லை. ஏனென்றால், வாசலில் ராத்தா வந்து நிற்கிறாரே!

சிங்கப்பூரில் பணத்தால் நிலைக்காதது, கூட வரும் ஒரு துணையாலும் வீட்டார் விட்டுக்கொடுக்கும் அரை மணியாலும் நிலைக்கக் கண்டேன்.

"பெண்கள் வீதியில் நடக்கலாமா?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஆயிஷா நாயகி (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களோடு ஓட்டப் போட்டியில் ஓடிய செய்தி அபூதாவூதில் பதிவாகி இருக்கிறது. முதலில் ஆயிஷா நாயகி வென்றார்கள். பிறகு உடம்பு சதை போட்ட காலத்தில் நபியவர்கள் வென்றார்கள். ஸபா, மர்வாவுக்கு இடையில் ஹாஜிகள் ஓடியும் நடந்தும் செய்யும் ஸஃயு, ஹாஜர் அம்மையாரின் பாதச் சுவட்டில் வந்தது. ஏழு முறையும் சேர்த்தால் அது சுமார் மூன்று கிலோமீற்றர். ஏறக்குறைய ஐயாயிரம் அடி! உம்ராவுக்கு நிய்யத் வைத்திருக்கும் சகோதரிகளே, முழங்கால் இன்றே பழகவேண்டாமா? ஒழுக்கமான உடையோடும், தகுந்த துணையோடும், பாதுகாப்பான நேரத்திலும் ஆரோக்கியத்துக்காக நடப்பதை மார்க்கம் தடுக்கவில்லை.

மணிக்கூடு கட்டுகிறவர்களுக்குச் சில விடயங்கள். வுழூச் செய்யும்போது பட்டியைக் கழற்றுங்கள், அல்லது நன்றாக நகர்த்துங்கள். அதன் அடியில் உள்ள தோலிலும் தண்ணீர் படவேண்டும். தொழுகையில் அது அதிர்ந்து கவனத்தைக் கலைக்காதபடி நிறுத்திவையுங்கள். முதல் ஒரு கிழமை வழக்கம்போல் இருந்து உங்கள் கணக்கைப் பாருங்கள். பிறகு நாளுக்கு ஐந்நூறு அடி மட்டும் கூட்டுங்கள். சீனிக்கு ஊசியோ குளிசையோ பாவிப்பவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். வெறும் வயிற்றில் வேகமாக நடக்காதீர்கள். வெறுங்காலோடும் நடக்காதீர்கள். சீனி உள்ளவர்களின் காலில் பட்ட சிறு காயமும் எளிதில் ஆறாது. சாப்பிட்ட பின் பத்து நிமிடம் மெதுவாக நடப்பதும் சீனி ஏறுவதைக் குறைக்கும். இதற்கு வீதிகூட வேண்டாம், வளவு போதும். மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு வீட்டு விறாந்தை போதும்.

உங்கள் கணக்கை வட்ஸ்அப்பில் போட்டு, "உனக்கு எத்தனை?" என்று போட்டி போடவும் வேண்டாம். மூட்டு வலியுள்ள ஒரு ராத்தாவின் ஆயிரம் அடி, இளம் பெண்ணின் எட்டாயிரத்துக்குக் குறைந்ததல்ல. தஸ்பீஹ் மணி எண்ணிக்கை தவறாமல் இருக்க உதவும். ஆனால் திக்ர் செய்வது மணியல்ல, நாவும் உள்ளமும்தான். இந்த மணிக்கூடும் அப்படித்தான். அது எண்ணும், நடக்கவேண்டியது நீங்கள். மணிக்கூடு இல்லாத சகோதரி கவலைப்படவேண்டாம். பக்கத்து வீட்டுச் சகோதரியைக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தால், அதுவே போதுமான நினைவூட்டல்.

கடைசியாக ஒன்று. இந்தப் பக்கத்தை வாசித்து முடித்ததும் வீட்டிலுள்ள ஆண்களின் கையில் கொடுங்கள். மனைவிக்கும் உம்மாவுக்கும் மணிக்கூடு வாங்கிக் கொடுப்பது நல்ல காரியம். அதோடு ஸுபஹுக்குப் பின் அரை மணி நேரத்தையும் சேர்த்துக் கொடுப்பது அதைவிட நல்ல காரியம்.

உடல் என்பது அல்லாஹ் நம்மிடம் தந்திருக்கும் அமானிதம். அதைப் பேணி, அவனை வணங்க வலிமையுள்ளவர்களாக நம் எல்லோரையும் அவன் ஆக்கிவைப்பானாக! ஆமீன்.